கட்டுவதா, கோட்டுக்குப் போவதா? திருகோணமலையில் ஒரு போன் தண்டம்

மச்சான் ஆட்டோ ஓடுகிறவர். ஒரு மாலை வீட்டுக்கு வந்து சாவியையும் ஒரு தாளையும் மேசையில் வைத்துவிட்டு, "லைசன்ஸ எடுத்திட்டாங்கள்" என்றார். வாகனம் செலுத்தும்போது கைத்தொலைபேசி பாவித்ததாகத் தண்டம் எழுதியிருந்தார்கள். "நான் ஒருத்தரோடயும் கதைக்கேல்ல. ரயில் கடவையில கேற் பூட்டியிருந்தது. விடுதிக்காரர் அனுப்பின லொக்கேஷனத்தான் எடுத்துப் பார்த்தனான். வண்டி நிண்டதுதானே?" என்று கேட்டார்.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் வருகிற மாதங்களில் ஆட்டோ ஓடுகிறவர்களுக்குப் போன் இல்லாமல் தொழில் இல்லை. சவாரி வட்ஸ்அப்பில் வருகிறது, விடுதியின் இடம் கூகிள் மேப்பில் வருகிறது, பயணி இறங்கிய பிறகு அடுத்த அழைப்பும் அதிலேயே வருகிறது. அதனால் மச்சானின் கேள்வி அவருக்கு மட்டும் உரியதில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிற்கிற எந்த ஆட்டோக்காரரும், என்.சி. வீதியில் கடை வைத்திருந்து பைக்கில் ஓடித்திரிகிற எந்தப் பொடியனும் ஒருநாள் கேட்கக்கூடிய கேள்விதான்: இந்தத் தண்டத்தை மறுக்க முடியுமா, முடிந்தால் எப்படி, மறுத்தால் என்ன வரும்?

முடியும். ஆனால் அதற்கான இடம் வீதியோரம் இல்லை, பொலிஸ் நிலைய மேசையும் இல்லை. பலர் அந்த இரண்டு இடங்களிலும்தான் தங்கள் முழுச் சக்தியையும் செலவழிக்கிறார்கள். பிறகு களைத்துப்போய்க் காசைக் கட்டிவிட்டு, "நியாயம் கிடைக்கவில்லை" என்கிறார்கள். நியாயம் கேட்கிற இடத்துக்கு அவர்கள் போகவே இல்லை என்பதுதான் எனக்குக் கவலை.

முதலில் அந்தத் தாள் என்னவென்று பார்ப்போம். நம்முடைய வீதிச் சட்டத்தின் அடிப்படை 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். அது பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. அதன்படி சிறிய வீதிக் குற்றங்கள் சிலவற்றுக்கு, நீதிமன்றம் போகாமலே ஒரு குறித்த தொகையைக் கட்டி விஷயத்தை முடித்துக்கொள்ளலாம். இதைத்தான் எல்லோரும் ஸ்பொட் ஃபைன் என்கிறோம். பெயரைக் கேட்டால் அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள் போல இருக்கும். உண்மையில் அந்தத் தாளை எழுதுகிற அதிகாரிக்கு உங்களைக் குற்றவாளி என்று தீர்க்கிற அதிகாரம் இல்லை. அவர் சொல்வது இவ்வளவுதான்: நீங்கள் இந்தக் குற்றத்தைச் செய்ததாக நான் நினைக்கிறேன், விரும்பினால் இந்தத் தொகையைக் கட்டி முடியுங்கள், இல்லாவிட்டால் நீதவான் முன் பேசிக்கொள்வோம். கட்டினால் வழக்கு இல்லை. கட்டாமல் விட்டால் பொலிஸார் வழக்குப் போடுவார்கள், குற்றத்தை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். தண்டத்தை மறுப்பது என்றால் நடைமுறையில் அதைக் கட்டாமல் நீதிமன்றத்துக்குப் போவதுதான். கட்டிவிட்டு மறுக்கிற வழி கிடையாது.

இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. தாள் எழுதிய நாளிலிருந்து 14 நாட்களுக்குள் தபாற்கந்தோரில் காசைக் கட்ட வேண்டும். 14 நாள் தாண்டினால் தொகை இரட்டிப்பாகும். 28 நாளும் தாண்டினால் வழக்கு. பொலிஸார் லைசன்ஸை வைத்துக்கொண்டால், அந்தத் தாளே 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரமாக இருக்கும். காசு கட்டிய ரசீதைக் கொண்டுபோய் நிலையத்தில் காட்டினால் லைசன்ஸ் திரும்பக் கிடைக்கும். ஆக, அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்து மழையில் நனைய விட்டால் போவது தண்டத் தாள் மட்டுமில்லை, வண்டி ஓட்டுகிற உரிமையும்தான். வாங்கிய உடனே இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

தொகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 இல் 33 குற்றங்களுக்கான ஸ்பொட் ஃபைன் தொகைகளைத் திருத்தினார்கள். அந்தப் பட்டியலில் 500 ரூபாவிலிருந்து 3,000 ரூபா வரை இருக்கிறது. மிகக் கூடியது வேகத்துக்கு. வாகனத்தைக் கட்டுப்படுத்த இடையூறான செயல்கள், வீதி விதிகளை மீறுதல் என்று பொதுவான தலைப்புகளும் அதில் உண்டு. எந்தத் தலைப்பின்கீழ் எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். ஆகவே தாளை வாங்கியதும் தொகையைப் பார்ப்பதற்கு முன் என்ன குற்றம், எந்தப் பிரிவு, எந்த இடம், எத்தனை மணி என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். நீங்கள் மறுக்கப்போவது அந்த எழுத்தைத்தான். "போன் பிரச்சினை" என்று பொதுவாக நினைத்துக்கொண்டு நீதிமன்றம் போய், அங்கே வேறொரு குற்றத்தை வாசிக்கும்போது விழித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

இப்போது பணம் கட்டுகிற முறையும் மாறிக்கொண்டு வருகிறது. 2025 பெப்ரவரியில் கவ்பே என்ற அரசக் கொடுப்பனவு முறை தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் வீதித் தண்டத்தையும் அதன் வழியாகக் கட்டுவதைப் பரீட்சார்த்தமாக ஆரம்பித்தார்கள், பிறகு வேறு மாகாணங்களுக்கும் விரித்தார்கள். நின்ற இடத்திலேயே போனால் காசைக் கட்டலாம், லைசன்ஸ் கையை விட்டுப் போகாது. கொழும்புக்குச் சாமான் ஏற்றிப் போகிற லொறிக்காரருக்கு இது பெரிய நிம்மதி. முன்பு தம்புள்ளையில் எழுதிய தண்டத்துக்காக லைசன்ஸ் எடுக்கத் திரும்பவும் தம்புள்ளைக்குப் போக வேண்டியிருந்தது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நெஞ்சு படபடக்கிற அந்த ஐந்து நிமிடத்தில் காசைக் கட்டினால் மறுக்கிற வாய்ப்பும் அந்த ஐந்து நிமிடத்திலேயே முடிந்துவிடும். குற்றம் செய்தேன் என்று உங்களுக்கே தெரிந்தால் உடனே கட்டுங்கள், நல்லது. இல்லை என்று மனம் சொன்னால், சட்டம் தருகிற 14 நாளையும் கையில் வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

சரி, போன் பாவிப்பது என்றால் என்ன? காதில் வைத்துக் கதைப்பது மட்டுமா? கையில் எடுத்து நேரம் பார்ப்பது? தாங்கியில் பொருத்திய போனில் ஒரு தடவை விரல் வைப்பது? மச்சானைப் போலப் பலரும் "நான் கதைக்கவில்லை" என்பதைப் பெரிய எதிர்வாதமாக நினைக்கிறார்கள். இந்தக் கேள்வி வேறு நாடுகளையும் ஆட்டிப்படைத்திருக்கிறது. இங்கிலாந்தில் ஓடுகிற காரிலிருந்து ஒரு விபத்தைப் போனில் வீடியோ எடுத்த ஒருவரின் வழக்கு 2019 இல் அங்குள்ள மேல் நீதிமன்றம் வரை போனது. அன்றைய சட்டம் போனால் தொடர்பு கொள்வதைத்தான் தடை செய்திருந்தது, படம் எடுப்பது அதில் வராது என்று அவர் வென்றார். அந்த ஓட்டையை அடைக்கவே 2022 மார்ச்சில் அங்கே சட்டத்தை மாற்றினார்கள். இப்போது பாட்டு மாற்றுவதற்காகப் போனைக் கையில் எடுத்தாலும் அங்கே 200 பவுண் தண்டமும் லைசன்ஸில் 6 புள்ளியும். வாகனநெரிசலில் நின்றுகொண்டிருந்தாலும் அதே சட்டம்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், லண்டனில் இருக்கிற மாமா சொன்ன யோசனையையும், தமிழ்நாட்டு யூடியூப் காணொளியில் கேட்ட சட்டப் பிரிவையும் கொண்டு திருகோணமலை நீதிமன்றத்தில் வாதாடப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களின் சட்டம் வேறு, நம்முடையது வேறு. ஆனாலும் இங்கிலாந்துக் கதையிலிருந்து நமக்குப் பயன்படுகிற ஒன்று உண்டு. "கதைக்கவில்லை" என்பது பலவீனமான மறுப்பு. கதைக்கவில்லை, ஆனால் கையில் வைத்துத் திரையைப் பார்த்தேன் என்று நீங்களே சொன்னால், கவனமும் ஒரு கையும் வேறிடத்தில் இருந்தன என்று ஒப்புக்கொள்கிறீர்கள். "என் கையில் போனே இருக்கவில்லை, அது பர்ஸ்" என்பது பலமான மறுப்பு. "வண்டியை வீதியை விட்டு இறக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் எடுத்தேன்" என்பதும் அப்படித்தான். ரயில் கடவையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கேற் திறந்ததும் புறப்படக் காத்திருப்பது இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. என் மனம் அதை வாகனம் செலுத்துவதாகவே எடுக்கிறது. மச்சானிடமும் அதையே சொன்னேன்.

மறுப்பது என்று முடிவெடுத்தால், முதல் வேலை அன்றைக்கே செய்ய வேண்டியது. ஒரு கொப்பித் தாளை எடுத்து நடந்ததை எழுதுங்கள். எந்த இடம், எந்தத் திசையில் வந்தீர்கள், அதிகாரி வீதியின் எந்தப் பக்கம் நின்றார், எவ்வளவு தூரம், வெயில் எந்தப் பக்கம், கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறதா, ஹெல்மெட் போட்டிருந்தீர்களா, அவர் என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள். சீருடையில் இருக்கிற அவருடைய இலக்கத்தையும் குறியுங்கள். மூன்று மாதம் கழித்துச் சாட்சிக் கூண்டில் நிற்கும்போது இவ்வளவும் நினைவில் இருக்காது. அவரிடம் குறிப்பு இருக்கும், உங்களிடமும் இருக்க வேண்டும்.

அடுத்தது கமரா. கொழும்பில் 2024 ஜனவரியிலிருந்து வீதிக் கமராவைப் பார்த்துத் தண்டம் எழுதுகிறார்கள். நம்முடைய பக்கம் பெரும்பாலும் அதிகாரியின் கண்தான் சாட்சி. பக்கத்துக் கடையில் கமரா இருந்தால் அன்றைக்கோ மறுநாளோ போய்க் கடைக்காரரிடம் கேளுங்கள். கடைக் கமராக்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும், ஒரு மாதம் கழித்துப் போனால் ஒன்றும் இருக்காது. உங்கள் வாகனத்திலேயே கமரா இருந்தால் அந்தப் பதிவை உடனே வேறாக எடுத்து வையுங்கள். வீடியோவை நீதிமன்றத்தில் காட்டுவது போனைத் தூக்கி நீதவானிடம் நீட்டுகிற விஷயமில்லை. 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டத்தின்படி, விசாரணைத் திகதிக்கு 45 நாட்களுக்கு முன்பே எதிர்த் தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். நல்ல வீடியோ இருந்தும் இந்த அறிவித்தல் கொடுக்காததால் அது பயனில்லாமல் போகலாம். இந்த ஒரு காரணத்துக்காகவாவது ஆரம்பத்திலேயே ஒரு சட்டத்தரணியிடம் கேட்பது நல்லது.

அழைப்புப் பட்டியலைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் எனக்கு ஒரு கோலும் வரவில்லை, போகவும் இல்லை என்று காட்டினால் போதாதா? காதில் வைத்துக் கதைத்ததாக அதிகாரி சொன்னால் அது உதவும். ஆனால் சாதாரண அழைப்புப் பட்டியலில் வட்ஸ்அப் கோல் தெரியாது, மேப் பார்த்ததும் தெரியாது, பாட்டு மாற்றியதும் தெரியாது. அழைப்பு இல்லை என்பதற்காகப் போன் கையில் இருக்கவில்லை என்று ஆகிவிடாது. அதை ஒரு துணைச் சான்றாக வையுங்கள், முழுப் பாரத்தையும் அதன் மேல் ஏற்றாதீர்கள்.

நீதிமன்றத்தில் நடப்பது இப்படி. தவணைத் திகதியில் நேரத்துக்குப் போக வேண்டும். போகாவிட்டால் பிடியாணை வரும், ஒரு சின்னத் தண்டம் அப்படித்தான் பெரிய தலையிடியாகிறது. வீதி வழக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். உங்கள் முறை வந்ததும் குற்றச்சாட்டை வாசித்துக் குற்றவாளியா, சுற்றவாளியா என்று கேட்பார்கள். இந்தச் சொல்லைக் கவனியுங்கள். சுற்றவாளி என்றால் குற்றம் செய்யாதவர். வெளியில் யாரும் பாவிக்காத சொல் என்பதால், முதன்முறை போகிறவர்கள் இரண்டும் ஒன்றுபோல் காதில் விழுந்து தடுமாறுவார்கள். வரிசையில் முன்னால் நின்ற பத்துப் பேரும் "குற்றவாளி" என்று சொல்லித் தண்டம் கட்டிப் போவதைப் பார்த்துவிட்டு, தாமும் அதையே சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. மறுக்க வந்தவர் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் கதை அங்கேயே முடிந்தது. குற்றத்தை ஏற்றுக்கொண்ட பிறகு மேன்முறையீட்டுக்கும் கதவு கிட்டத்தட்டப் பூட்டுப்பட்டுவிடும்.

"சுற்றவாளி" என்று சொன்னால் விசாரணைக்கு வேறொரு திகதி போடுவார்கள். அன்றைக்குத் தண்டம் எழுதிய அதிகாரி வந்து சாட்சி சொல்ல வேண்டும். நீங்களோ உங்கள் சட்டத்தரணியோ அவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். அதன்பின் நீங்கள் சாட்சி சொல்லலாம், எதிரிக் கூண்டில் நின்று வாக்குமூலம் கொடுக்கலாம், ஒன்றும் பேசாமலும் இருக்கலாம். குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டியது பொலிஸ் தரப்பு. நிரூபிக்கும்வரை நீங்கள் குற்றமற்றவர் என்பது அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை.

இங்கே இரண்டு தவறான நம்பிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, "அவர் ஒருத்தர்தானே சொல்கிறார், வேறு சாட்சி இல்லையே" என்பது. நம்முடைய சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 134 ஆம் பிரிவு, ஒரு விடயத்தை நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்ற கணக்கு இல்லை என்கிறது. அதிகாரி ஒருவரின் சாட்சியை நீதவான் நம்பினால் அதுவே போதும். அதனால் கேள்வி சாட்சிகளின் எண்ணிக்கையைப் பற்றியதில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து அதைப் பார்த்திருக்க முடியுமா, எவ்வளவு நேரம் பார்த்தார், எந்தக் கையில் இருந்தது என்கிறார், தாளில் எழுதிய நேரமும் இடமும் அவர் இப்போது சொல்வதோடு ஒத்துப்போகிறதா என்பவைதான் கேள்விகள். அன்றைக்கு எழுதிய கொப்பித் தாளின் பெறுமதி இங்கேதான் தெரியும். அதிகாரி பொய் சொல்கிறார் என்று கூச்சல் போடுவதைவிட, அவர் தவறாகப் பார்த்திருக்கலாம் என்று ஒவ்வொரு கேள்வியாகக் காட்டுவது எவ்வளவோ மேல். மனிதக் கண் தவறும் என்பதை எந்த நீதவானும் ஏற்பார்.

மற்றது, "பொலிஸ் வராவிட்டால் வழக்குத் தள்ளுபடி" என்பது. அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் அதிகாரிக்கு இடமாற்றம், விசேட கடமை என்று காரணம் சொன்னால் பெரும்பாலும் இன்னொரு தவணைதான் கிடைக்கும். அந்த நம்பிக்கையில் மட்டும் வழக்காடப் போகாதீர்கள்.

தீர்ப்பு பாதகமாக வந்தால் 14 நாட்களுக்குள் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். குற்றத்தை ஏற்றாலும் நிலைமையை எடுத்துச் சொல்லலாம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306 ஆம் பிரிவு, சிறு குற்றங்களில் தண்டனை கொடுக்காமல் எச்சரித்து விடுகிற அதிகாரத்தையும் நீதவானுக்குத் தருகிறது. அது அவருடைய விருப்பம், உரிமையாகக் கேட்க முடியாது. இன்னொரு பக்கமும் உண்டு: நீதிமன்றம் விதிக்கிற தண்டம் ஸ்பொட் ஃபைன் தொகையோடு நின்றுவிடும் என்றும் இல்லை, அதைவிடக் கூடலாம்.

மொழியைப் பற்றி நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் நம்முடைய ஊரில் பாதிப் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. மறிக்கிற அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, ஆட்டோக்காரருக்குச் சிங்களம் அரைகுறை. "மேப் பார்த்தேன்" என்று சொல்லப் போய், "போன் பாவித்தேன்" என்று ஒப்புக்கொண்டதாக முடிகிறது. தாளில் சிங்களத்தில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாமலே கையெழுத்து வைக்கிறோம். இது திருகோணமலையில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு வரவே கூடாத நிலை. 1987 இன் 13 ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை வடக்கிலும் கிழக்கிலும் தமிழை நிர்வாக மொழியாக்குகிறது. 24 ஆம் உறுப்புரைப்படி, தமிழ் நிர்வாக மொழியாக இருக்கிற பிரதேசத்தில் நீதிமன்ற மொழியும் தமிழ். வழக்கின் எந்தத் தரப்புக்காவது அங்கே பாவிக்கிற மொழி விளங்காவிட்டால், அரசே மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும்.

இதை வைத்து வீதியில் சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. வெயிலில் நிற்கிற கொன்ஸ்டபிளுக்கு அரசியலமைப்பு வாசித்துக் காட்டி ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் "எனக்கு இதை வாசிக்கத் தெரியாது, என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று தமிழில் சொல்லுங்கள் சேர்" என்று அமைதியாகக் கேட்கலாம். பக்கத்தில் தமிழ் தெரிந்த அதிகாரி இருந்தால் அவரைக் கூப்பிடச் சொல்லலாம். விளங்காத எதற்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டாதீர்கள். விளங்காமல் கையெழுத்து வைத்திருந்தால் அதையும் உங்கள் கொப்பித் தாளில் எழுதி, நீதிமன்றத்தில் சொல்லுங்கள். மொழி காரணமாகத் தொடர்ந்து இப்படி நடந்தால், 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம். நம்முடைய ஊரில் இருந்து அங்கே போகிற கடிதங்கள் கூட வேண்டும் என்பது என் விருப்பம்.

இனிச் செலவு. ஒரு தவணைக்குப் போனால் ஆட்டோக்காரருக்கு அரைநாள் உழைப்பாவது போகும். சில நேரம் முழுநாளும் போகும். குற்றவாளியா என்று கேட்கிற தவணை ஒன்று, விசாரணைத் தவணை ஒன்று, தள்ளிப்போட்டால் இன்னொன்று. சட்டத்தரணி வைத்தால் அவருடைய கட்டணம். இவற்றைக் கூட்டினால் தண்டத் தொகையைத் தாண்டுவதற்கு வெகுநேரம் எடுக்காது. வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம். எதையும் முடிவெடுக்க முன் அங்கே ஒருதரம் போய் வருவது நல்லது. லைசன்ஸும் ஒரு கவலை. தற்காலிக அனுமதி முடிந்த பிறகு அதே தாளோடு வண்டி ஓடினால் இரண்டாவது குற்றம் வந்து சேரும். மறுப்பதென்று தீர்மானித்தால் 14 நாள் முடியும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே நிலையத்துக்குப் போய், வழக்குக்குப் போக விரும்புவதாகச் சொல்லி, நீதிமன்றத் திகதியையும் அதுவரை ஓடுவதற்கான ஏற்பாட்டையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச் சொல்லாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தக் கணக்கு அநியாயமானது என்று எனக்குத் தெரியும். நியாயம் கேட்பதற்குத் தண்டத்தைவிடக் கூடுதலாகச் செலவாகும் என்றால், ஏழை குற்றம் செய்யாவிட்டாலும் கட்டிவிட்டுப் போவார். மாதச் சம்பளக்காரர் ஒருநாள் லீவு போட்டுவிட்டு வழக்காடலாம், நாள் கூலிக்காரரால் முடியாது. வீதித் தண்டத்தை மறுப்பவர்களுக்கென்று மாலை வேளையிலோ சனிக்கிழமையிலோ ஒரு அமர்வு வைத்தால் எத்தனையோ பேருக்கு உதவும்.

அதிகாரி மரியாதையில்லாமல் பேசினார், தள்ளினார், தண்டம் எழுதாமல் விட்டுவிட வேறு ஏதோ எதிர்பார்த்தார் என்றால் அது தனிக் கதை. அதைத் தண்ட வழக்கோடு குழைக்கக் கூடாது. நடத்தை பற்றிய முறைப்பாட்டைப் பொறுப்பதிகாரியிடமும் மேலதிகாரியிடமும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடமும் கொடுக்கலாம். உரிமை மீறல் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் நம்முடைய ஊரிலேயே இருக்கிறது. இலஞ்சம் கேட்டால் 1954 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் இவர்கள் யாரும் தண்டத்தை ரத்துச் செய்து தர மாட்டார்கள், 14 நாள் கணக்கும் இவர்களுக்காக நிற்காது. அப்புறம், நீங்களாகவே ஐந்நூறை மடித்து நீட்டினாலும் அது இலஞ்சக் குற்றம்தான். சிறு தண்டத்தில் முடிகிற விஷயத்தைச் சிறைக்குப் போகிற விஷயமாக்க வேண்டாம்.

இவ்வளவும் எழுதிய பிறகு மறுபக்கத்தையும் மனதாரச் சொல்கிறேன். இந்தச் சட்டம் தேவை. வாகனம் ஓட்டும்போது போன் பாவிப்பவருக்கு விபத்து நேர்கிற வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காதில் மாட்டிக் கதைப்பதும் பெரிதாகப் பாதுகாப்பில்லை என்றும் சொல்கிறது, ஏனென்றால் போவது கை மட்டுமில்லை, மனமும்தான். இந்த நாட்டில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வீதியில் சாகிறார்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகிற பைக், மூன்று விநாடியில் 40 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். வந்த மெசேஜ் யாருடையது என்று பார்க்க அந்த மூன்று விநாடி போதும். நம்முடைய நகரத்தில் கோட்டையடியிலும் கடற்கரைப் பக்கமும் புள்ளிமான்கள் மாலையில் வீதியைக் கடக்கும். அவை கோர்ன் அடித்தால் ஒதுங்குவதில்லை, திகைத்து நடுவீதியிலேயே நிற்கும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளும் அப்படித்தான். நான் ஒருதரம் உட்துறைமுக வீதியில், திரையிலிருந்து கண்ணை எடுத்தபோது ஒரு மான்குட்டி முன்சில்லுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றது. அன்றிலிருந்து போன் பைக்கின் சீற்றுக்கு அடியில்தான் போகும்.

மச்சானோடு இரண்டு மூன்று நாள் இதையெல்லாம் பேசினோம். கடையில் கமரா இருக்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது உண்மை. போன் கையில் இருந்ததும் உண்மை. "கதைக்கேல்ல எண்டதத் தவிர நான் சொல்ல ஒண்டும் இல்லையே" என்று அவரே சொன்னார். போன் கையிலேயே இல்லாத ஒருவர் இதே தாளோடு வந்திருந்தால், நான் அவரோடு சேர்ந்து நீதிமன்றத்துக்குப் போயிருப்பேன், உழைப்புப் போனாலும் பரவாயில்லை என்று சொல்லியிருப்பேன். மச்சானிடம் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பதினோராம் நாள் தபாற்கந்தோரில் காசைக் கட்டினார். ரசீதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, அதைக் காட்டி லைசன்ஸை வாங்கிக்கொண்டு, அன்று பின்னேரமே நிலாவெளிக்கு ஒரு சவாரி போனார்.